அத்தியாயம் 6: மண்டிக் கணக்கை கிளவுடோடு இணைப்பது

பரமத்தி வேலூரில் ஒரே ஒரு மண்டி வைத்திருக்கிறீர்கள், பார்க்க வேண்டியது இந்த வருஷத்துக் கணக்கு மட்டும்தான் என்றால் இந்த அத்தியாயம் உங்களுக்குத் தேவையில்லை. கூகுள் ஷீட்ஸில் ஒரு கோப்பு 1 கோடி கட்டங்கள் வரை தாங்கும். 12 பத்திகள் வைத்து எழுதினால் 8 லட்சத்து 33 ஆயிரம் வரிசைகள் வரும். நாளொன்றுக்கு 300 சிட்டை போட்டாலும் ஏழு வருஷத்துக்கு மேல் ஓடும். போன அத்தியாயத்தில் பார்த்த பிவட் டேபிளே போதும், அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடலாம்.

தேவைப்படுகிறவர்கள் வேறு. வெற்றிலை, வாழைத்தார், வெல்லம், தேங்காய்ப் பருப்பு என்று நான்கு சரக்கின் விலையையும் பல வருஷத்துக்கு, பல சந்தைகளுக்குச் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள். நூற்றுக்கணக்கான உறுப்பினர்களின் வரவை எழுதும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள். நாமக்கல் பக்கம் கொட்டகை வாரியாகத் தீவனம், முட்டை, இறப்பு என்று தினமும் பதியும் கோழிப்பண்ணைகள். ஒவ்வொரு நிமிஷமும் வண்டி எங்கே நிற்கிறது என்ற ஜிபிஎஸ் பதிவு வந்து குவியும் லாரி ஆபீஸ்கள். இவர்களுக்கு விரிதாள் முதலில் மெதுவாகும், அப்புறம் திறக்கவே யோசிக்கும்.

மெதுவாவதாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் நடக்கும் சேதம் இன்னும் மோசம். இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கொரோனா நோயாளிகளின் பதிவுகள் தேசியக் கணக்கில் ஏறாமல் விட்டுப்போயின. ஆய்வகங்கள் அனுப்பிய தரவைப் பழைய எக்செல் வடிவக் கோப்பில் வாங்கியதுதான் காரணம். அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைதான். அதற்கு மேல் வந்தது சத்தமில்லாமல் உதிர்ந்தது. இப்போதைய எக்செல் தாளில் 10,48,576 வரிசைகள் உண்டு. எல்லை தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

வழி என்ன? தரவு முழுவதையும் விரிதாளுக்குள் கொண்டுவருவதை விட்டுவிட வேண்டும். அது கிளவுடில் உள்ள தரவுத்தளத்தில் இருக்கட்டும். விரிதாளில் நீங்கள் கேள்வி கேட்பீர்கள். கேள்வி கிளவுடுக்குப் போகும், கூட்டல் கழித்தல் அங்கேயே நடக்கும், விடை மட்டும் உங்கள் தாளுக்கு வரும். கூகுளின் பிக்குவரி என்ற தரவுக் கிடங்கையும் கூகுள் ஷீட்ஸையும் இப்படிச் சேர்க்கும் வசதிக்குக் கனெக்டட் ஷீட்ஸ் என்று பெயர். முதலில் பெரிய நிறுவனங்களின் கணக்குகளுக்கு மட்டும் இருந்தது, இப்போது சாதாரண ஜிமெயில் கணக்கிலும் கிடைக்கிறது. எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழி தெரிய வேண்டியதில்லை. எக்செல்தான் பழக்கம் என்பவர்களுக்கு அதிலேயே பவர் குவரி என்ற வாசல் இருக்கிறது. அதற்குள் இங்கே போகவில்லை.

இணைக்கும் வேலை ஒரு காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் பெரிது. பலரும் அதைத் தாண்டிக் குதித்துவிட்டு, கடைசியில் கம்ப்யூட்டர் தப்புக் கணக்குச் சொல்கிறது என்கிறார்கள்.

அலகைத் தீர்க்காமல் ஆரம்பிக்காதீர்கள்

வேலூர் வட்டாரச் சரக்கு எதுவும் ஒரே அளவில் விற்பதில்லை. வெற்றிலை சுமையாக ஏலம் போகும், சுமைக்கு 104 கவுளி. வாழையில் பூவனும் ரஸ்தாளியும் பச்சைநாடனும் கற்பூரவல்லியும் தார் கணக்கில் போக, மொந்தன் மட்டும் காய் ஒன்றுக்கு இன்ன விலை என்று போகும். பிலிக்கல்பாளையம் சந்தையில் வெல்லம் 30 கிலோ சிப்பம். வெங்கமேட்டில் தேங்காய்ப் பருப்பு கிலோவில்.

மண்டியில் நிற்பவருக்கு இது குழப்பமே இல்லை. சிட்டையில் வெறும் 6,000 என்று எழுதியிருந்தாலும் அது சுமை விலை என்று தெரியும். தரவுத்தளத்துக்குத் தெரியாது. மொந்தன் காய் விலை 5 ரூபாயையும் பூவன் தார் விலை 400 ரூபாயையும் கூட்டி இரண்டால் வகுத்து, வாழையின் சராசரி விலை இது என்று கூசாமல் சொல்லும். ஆகவே ஒவ்வொரு வரிசையிலும் விலைக்குப் பக்கத்தில் அலகு என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும்.

அரசுத் தரவோடு ஒப்பிட நினைப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மத்திய அரசின் அக்மார்க்நெட் தளம் நாடு முழுவதும் உள்ள சந்தைகளின் தினசரி விலையைப் பொதுவில் வைக்கிறது. குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலான சரக்கு விற்ற விலை என்று மூன்றும் குவிண்டாலுக்கு இருக்கும். நம்முடைய தார் விலையை அதன் பக்கத்தில் வைத்தால் ஒன்றும் புரியாது. அந்தந்த ரகத்தில் சில தார்களை எடை போட்டுப் பார்த்து, தார் எடை என்று ஒரு பத்தியைச் சேர்த்த பிறகுதான் ஒப்பிடலாம். தேங்காய்ப் பருப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. 2016 ஏப்ரல் 14-இல் தொடங்கிய இ-நாம் மின்னணுச் சந்தையில் வெங்கமேடும் இருப்பதால் எடையும் தரமும் பதிவாகியே வருகிறது. பழகுவதற்கு நல்ல சரக்கு அதுதான்.

அடுத்தது பெயர். ரஸ்தாளி, ரஸ்தாலி, ரசுதாளி என்று மூன்று பேர் மூன்று விதமாகத் தட்டினால் பிவட் டேபிளில் மூன்று ரகம் நிற்கும். வெற்றிலையில் ரகம் என்றால் வெள்ளைக்கொடி, கற்பூரி. பருவம் என்றால் இளம்பயிர், முதிகால். இவை இரண்டு தனிப் பத்திகள். ‘வெள்ளைக்கொடி முதிகால்’ என்று ஒரே கட்டத்தில் எழுதி வைத்தால் பின்னால் முதிகாலை மட்டும் பிரித்துக் கேட்க முடியாது. கையால் தட்ட விடாமல், டேட்டா மெனுவில் உள்ள டேட்டா வேலிடேஷன் மூலம் கீழே விரியும் பட்டியல் வைத்துவிடுங்கள். பழைய பதிவுகளில் சொல்லுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். டேட்டா கிளீனப்பில் உள்ள ட்ரிம் வைட்ஸ்பேஸ் அதை உதிர்த்துவிடும்.

தேதி எப்போதும் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் இருக்கட்டும், 2024-06-05 என்பதுபோல. நம் வழக்கப்படி 05/06/2024 என்று எழுதிய சிஎஸ்வி கோப்பை பிக்குவரி தேதியாக ஏற்காது. விலையில் ரூபாய்க் குறியும் காற்புள்ளியும் கூடாது. 1,25,000 என்பது உங்களுக்கு எண், அதற்கு எழுத்து. பழைய மண்டி சாஃப்ட்வேரிலிருந்து எடுத்த கோப்பு யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தால் முதலில் மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள். எக்செல்லிலிருந்து சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி வேண்டாம். சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்று தனியாக ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும்.

இன்னும் மூன்று பத்திகளைச் சேர்க்கச் சொல்வேன். ஒன்று, பதிவு எண்: எந்த இரண்டு வரிசைக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது. இரண்டு, தமிழ் மாதம். மூன்று, முகூர்த்த நாளா இல்லையா என்பது. வெற்றிலையும் வாழையும் ஆடியில் விழுந்து ஆவணியில் எழும் என்பது வேலூரில் குழந்தைக்கும் தெரியும். ஜூலை, ஆகஸ்ட் என்று பிரித்தால் ஆடி இரண்டாக உடைந்து அந்த வீழ்ச்சி பாதி மறைந்துவிடும். தமிழ் மாதத்தையும் முகூர்த்தத்தையும் ஷீட்ஸோ பிக்குவரியோ தானாகச் சொல்லாது. பஞ்சாங்கத்தைப் பார்த்து வருஷத்துக்கு ஒரு சின்னத் தாள் போட்டு வைத்து, பதிவுத் தாளில் வி-லுக்கப் சூத்திரம் மூலம் இழுத்துக்கொள்ளுங்கள்.

கிடங்கை அமைப்பது

கூகுள் கிளவுட் கன்சோலில் ஜிமெயில் கணக்கோடு நுழைந்து பிக்குவரியைத் திறங்கள். கிரெடிட் கார்டு கேட்காத இலவச வாசல் ஒன்று உண்டு, சாண்ட்பாக்ஸ் என்பார்கள். 10 ஜிபி வரை வைத்துக்கொள்ளலாம், மாதம் 1 டெராபைட் அளவுக்குக் கேள்வி கேட்கலாம். 12 பத்திகள் கொண்ட 10 லட்சம் வரிசை மண்டிக் கணக்கு ஏறக்குறைய 100 எம்பிதான் வரும். அதை முழுசாகப் புரட்டும் கேள்வியை மாதத்துக்குப் பத்தாயிரம் தடவை கேட்டால்தான் இலவச அளவு தீரும். செலவைப் பற்றி மண்டிக்காரர்கள் பயப்பட ஒன்றுமில்லை. நிமிஷத்துக்கு நிமிஷம் பதிவு வரும் லாரி ஆபீஸ்காரர்கள் மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு புராஜெக்ட் உருவாக்குங்கள். அதற்குள் டேட்டாசெட். டேட்டாசெட் உருவாக்கும்போது இடம் கேட்கும், மும்பையைத் தேர்ந்தெடுங்கள். யோசித்துத் தேர்ந்தெடுங்கள், பின்னால் மாற்ற முடியாது. டேட்டாசெட்டுக்குள் ‘கிரியேட் டேபிள்’ அழுத்தினால் மூலம் எது என்று கேட்கும். அப்லோட் என்பதைத் தேர்ந்தெடுத்து சிஎஸ்வி கோப்பைக் கொடுக்கலாம், கோப்பு 100 எம்பிக்குள் இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் வருஷ வாரியாக உடைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வருவது ஸ்கீமா. எந்தப் பத்தி தேதி, எது எழுத்து, எது எண் என்று சொல்லும் இடம். ‘ஆட்டோ டிடெக்ட்’ என்ற பொத்தான் ஆசை காட்டும். அது கோப்பின் முதல் 500 வரிசைகள் வரை பார்த்துவிட்டுத் தானாக முடிவு செய்யும். உங்கள் விவசாயி குறியீடு 007 என்று இருந்தால் எண் என்று நினைத்து 7 ஆக்கிவிடும். பத்துப் பன்னிரண்டு பத்திகள்தானே, கையாலேயே கொடுத்துவிடுங்கள். பத்திப் பெயர்கள் ஆங்கில எழுத்தில், நடுவில் இடைவெளி இல்லாமல் இருந்தால் பின்னால் தொந்தரவு வராது. உள்ளே இருக்கும் ரகப் பெயர்கள் தாராளமாகத் தமிழில் இருக்கலாம். தலைப்பு வரிசையைத் தவிர்க்க, அட்வான்ஸ்டு பகுதியில் ‘ஹெடர் ரோஸ் டு ஸ்கிப்’ என்ற இடத்தில் 1 போடுங்கள்.

மாதாமாதம் புதுக் கணக்கை ஏற்ற அதே வழிதான். டேபிள் பெயர் பழையதையே கொடுத்து, ‘அப்பெண்ட் டு டேபிள்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழையதன் கீழே புதியது சேரும். பக்கத்திலேயே ‘ஓவர்ரைட்’ என்று ஒன்று இருக்கிறது, அதைத் தொட்டால் பழையது போய்விடும். ஒரே மாதத்தைத் தெரியாமல் இரண்டு தடவை ஏற்றிவிட்டால் விற்பனை இரட்டிப்பாகத் தெரியும். பதிவு எண் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கையும், வெவ்வேறான பதிவு எண்களின் எண்ணிக்கையும் சமமாக இருந்தால் கணக்கு சுத்தம்.

இணைப்பதும் கேட்பதும்

கூகுள் ஷீட்ஸில் வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறங்கள். டேட்டா மெனுவில் டேட்டா கனெக்டர்ஸ், அதில் ‘கனெக்ட் டு பிக்குவரி’. உங்கள் புராஜெக்ட், டேட்டாசெட், டேபிள் மூன்றையும் வரிசையாகக் காட்டும். டேபிளைத் தொட்டு கனெக்ட் அழுத்தினால் முடிந்தது. தாளில் 500 வரிசைகள் மட்டும் தெரியும். அது மாதிரிக்காகக் காட்டும் முன்னோட்டம், மீதி எங்கேயும் போய்விடவில்லை. கேள்வி கேட்கும்போது முழு டேபிளையும் பார்த்தே விடை சொல்லும்.

மேலே பிவட் டேபிள், சார்ட், கால்குலேட்டட் காலம், எக்ஸ்ட்ராக்ட் என்று பொத்தான்கள் இருக்கும். சார்ட் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சாதாரண ஷீட்ஸில் போடுவதுபோலத்தான். எக்ஸ்ட்ராக்ட் என்றால் சில வரிசைகளை மட்டும் வடிகட்டி உண்மையாகவே தாளுக்கு இறக்குவது. ஒரு விவசாயிக்கு அவருடைய வருஷக் கணக்கை எடுத்துக் கொடுக்க உதவும். கால்குலேட்டட் காலத்தில் நாமே ஒரு பத்தியைக் கற்பிக்கலாம். சுமை விலையை 104 ஆல் வகுத்தால் கவுளி விலை. சிப்ப விலையை 30 ஆல் வகுத்தால் கிலோ விலை. ஷீட்ஸில் எழுதும் அதே சூத்திரம்தான், கட்டத்தின் பெயருக்குப் பதில் பத்தியின் பெயர் வரும்.

பிவட் டேபிளில் ஒரு பொறி இருக்கிறது, அதில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். முதிகால் வெற்றிலையின் ஆவணி மாதச் சராசரி விலை என்ன என்று கேட்கிறீர்கள். விலைப் பத்தியை இழுத்துப் போட்டு ஆவரேஜ் என்று சொல்வது எல்லோருக்கும் வரும் யோசனை. உதாரணத்துக்கு இரண்டே பதிவுகள் என்று வைத்துக்கொள்வோம்: 2 சுமை, சுமைக்கு ரூ.9,000. 58 சுமை, சுமைக்கு ரூ.6,000. ஆவரேஜ் ரூ.7,500 என்று வரும். ஆனால் கைக்கு வந்த மொத்தப் பணம் ரூ.3,66,000, விற்றது 60 சுமை. வகுத்தால் சுமைக்கு ரூ.6,100தான். நடுவில் உள்ள 1,400 ரூபாய் யார் கைக்கும் வராத பணம். அதை நம்பி அடுத்த வருஷம் கொடிக்கால் குத்தகை பேசினால் கதை கந்தல்.

ஆகவே பிவட் டேபிளில் ஆவரேஜை மறந்துவிடுங்கள். விற்ற தொகையின் கூட்டல் ஒரு பத்தி, விற்ற அளவின் கூட்டல் ஒரு பத்தி, இரண்டையும் பிவட்டுக்கு வெளியே பக்கத்துக் கட்டத்தில் வகுத்துக்கொள்ளுங்கள். வேலூர் மட்டுமல்ல, எந்த ஊர்ச் சந்தைக்கும் இதுதான் சரியான சராசரி.

இப்போது வரிசையில் தமிழ் மாதம், பத்தியில் பருவம், மதிப்பில் தொகையும் அளவும் என்று அடுக்கி அப்ளை அழுத்துங்கள். இளம்பயிருக்கும் முதிகாலுக்கும் உள்ள விலை இடைவெளி எந்த மாதத்தில் விரிகிறது, எதில் சுருங்குகிறது என்பது பல வருஷத்துக்குச் சேர்த்து ஒரே பக்கத்தில் வந்துவிடும். அதே டேபிளில் முகூர்த்தத்தைப் பத்தியாக மாற்றிப் போட்டால், முகூர்த்தத்துக்கு விலை ஏறுவது அன்றைக்கா, அதற்கு முந்தின ஏலத்திலேயேவா என்ற சந்தேகம் தீரும். முந்தின ஏலத்தைப் பிரித்துப் பார்க்க, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் என்றும் பஞ்சாங்கத் தாளில் குறித்திருக்க வேண்டும். வெட்டும் நாளைத் தள்ளிப் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவருக்கு இந்த ஒரு விடையே இத்தனை பாட்டுக்கும் கூலி.

ஒன்றைக் கவனியுங்கள். கிடங்கில் புதுக் கணக்கு ஏறியவுடன் பிவட் டேபிள் தானாக மாறாது. ரெஃப்ரெஷ் அழுத்த வேண்டும், அல்லது தினமும் இன்ன நேரத்துக்குப் புதுப்பி என்று நேரம் குறித்து வைக்கலாம். எப்போது கடைசியாகப் புதுப்பித்தது என்பது கீழேயே தெரியும். பார்க்காமல் விலை பேசப் போகாதீர்கள்.

யாருக்குக் காட்டலாம்

ஷீட்டை ஒருவரோடு பகிர்ந்தால் அதில் உள்ள விடைகளை அவர் பார்க்கலாம். புதுக் கேள்வி கேட்கவும் புதுப்பிக்கவும் பிக்குவரியிலும் அவருக்கு அனுமதி வேண்டும். கணக்கு எழுதும் தம்பிக்கு இரண்டும் கொடுங்கள், மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும். விவசாயியின் பெயர், செல் நம்பர், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைக் கிடங்கில் ஏற்றவே ஏற்றாதீர்கள். குறியீட்டு எண் போதும், எந்த எண் யாருடையது என்ற பட்டியல் உங்கள் மேசையறையில் இருக்கட்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு நாட்டில் 2023-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், யாருக்கு எவ்வளவு போனது என்பது சந்தையில் பேசும் விஷயமல்ல.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. சாண்ட்பாக்ஸில் உருவாக்கிய டேபிள் 60 நாளில் தானாக அழிந்துவிடும். பழகிப் பார்க்க அது போதும். தொடர்ந்து வைத்துக்கொள்வது என்று முடிவானால் பில்லிங் கணக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள், டேபிளின் காலாவதித் தேதியையும் மறக்காமல் நீக்குங்கள். மாத இலவச அளவு அதற்குப் பிறகும் உண்டு. அதுவரை ஏற்றிய சிஎஸ்வி கோப்புகள் எதையும் அழிக்காமல், மாதப் பெயரிட்டு ஒரு ஃபோல்டரில் வைத்திருங்கள். ஆரம்பத்திலேயே நான்கு சரக்கையும் தூக்கி உள்ளே போட வேண்டாம். ஒரே சரக்கு, ஒரு வருஷம், கையால் கூட்டிச் சரிபார்க்க முடிகிற அளவு. அந்த விடை உங்கள் பேரேட்டோடு ரூபாய் பிசகாமல் ஒத்துவந்த பிறகு மற்றதை ஏற்றுங்கள்.